ஃபலாஃபல் 'கொண்டைக்கடலை வடை' அல்ல

அரபு நாடுகளில் ஊறவைத்த பயறை அரைத்துப் பொரிக்கும் ஃபலாஃபலைத் தமிழில் 'கொண்டைக்கடலை வடை' என்று எழுதும் வழக்கம் நிலைத்துவிடும் போலிருக்கிறது. சமையல் வீடியோ, வசன வரி, பயணக் கட்டுரை, எதைத் திறந்தாலும் இதுதான். அண்மையில் எகிப்தின் கெய்ரோ நகரத் தெருக்கடைகளைப் பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றிலும் இதையே பார்த்தபோது பொறுக்கவில்லை. கெய்ரோ வழக்கப்படி செய்த வடையில் கொண்டைக்கடலையே கிடையாது.

சொல்லின் கதை சுருக்கமானது. அரபியில் ஃபில்ஃபில் என்றால் மிளகு. அதன் பன்மை ஃபலாஃபில். பாரசீகத்தின் பில்பில் வழியாக வந்தது. அதற்கும் பின்னால் போனால் சமஸ்கிருதப் பிப்பலி, அதாவது நம் நாட்டு மருந்துக்கடைத் திப்பிலி. இதைப் பிடித்துக்கொண்டு 'மிளகு வடை' என்று எழுதுவோரும் உண்டு. அது இன்னும் மோசம். மிளகு வடை என்றதும் அனுமார் கழுத்து மாலைதான் நினைவுக்கு வரும். வேர்ச்சொல்லின் பொருள் வேறு, இன்று தட்டில் இருக்கும் பண்டம் வேறு.

சரி, கொண்டைக்கடலைக்கு வருவோம். எகிப்தில் பெரும்பாலும் பெயரே தஅமியாதான். அலெக்சாந்திரியாவில் ஃபலாஃபல் என்பார்கள். தோல் நீக்கி உடைத்த காய்ந்த ஃபாவா என்ற பயறை (அரபியில் ஃபூல்) ஊறவைத்து, லீக்ஸ், பார்ஸ்லி, கொத்தமல்லித்தழை, பூண்டு சேர்த்துப் பச்சையாக அரைக்கிறார்கள். தட்டையாகத் தட்டி, எள் தூவிப் பொரிப்பார்கள். பிட்டால் உள்ளே பச்சைப் பசேலென்று இருக்கும். ஃபாவாவை 'மொச்சை' என்று எழுதுவது அடுத்த கொடுமை. மொச்சை வேறு செடி, வேறு பேரினம். ஒரு பயறின் பெயர் தெரியாவிட்டால் ஃபாவா என்றே எழுதலாமே, யார் தடுத்தார்கள்?

கொண்டைக்கடலை பாலஸ்தீனம், சிரியா பக்கத்து வழக்கம். லெபனானில் இரண்டையும் கலப்பவர்கள் உண்டு. பாலஸ்தீனத்தில் நடுவே வெங்காயமும் சுமாக் என்ற புளிப்புப் பொடியும் பொதிந்து செய்வதும் இருக்கிறது. ஏமனில் இதே குடும்பத்துப் பண்டத்தைக் காராமணியில் செய்து பஜியா என்கிறார்கள்; நம் பஜ்ஜிக்கு உறவான பெயர். ஆக ஊருக்கு ஊர் மாறுவது பயறுதான். மாறுகிற ஒன்றையே பெயராக வைத்தால் பாதி ஊர்களுக்கு அது பொய்யாகிவிடுகிறது.

'வடை' என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஊறவைத்த பயறை வேகவைக்காமல் கொரகொரவென்று அரைத்துப் பொரிப்பது மசால் வடைக்காரர்களின் கைப்பக்குவமேதான். பக்கோடா என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்குக் கடலை மாவு வேண்டும். விளக்கம் தேவைப்படும் இடத்தில் 'அரபு வடை' என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அப்புறம் ஃபலாஃபல் என்றே எழுதலாம். எகிப்தைப் பற்றி என்றால் தஅமியா. ஆய்த எழுத்தைக் கண்டு அஞ்சும் தனித்தமிழ் அன்பர்கள் 'பலாபல்' என்கிறார்கள். படிப்பவருக்குப் பலாபலன் என்ற சொல் அச்சுப்பிழையாக வந்ததுபோல் தோன்றும். இட்லியை 'அரிசி கேக்' என்று எழுதினால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! பிறர் பண்டத்துக்கும் அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

பெயரில் காட்டும் அலட்சியம் செய்முறையிலும் தொடர்கிறது. 'வேகவைத்த கொண்டைக்கடலையை மசித்து' என்று பல மொழிபெயர்ப்புகளில் பார்க்கிறேன். வெந்த கடலையை அப்படியே உருட்டிப் போட்டால் எண்ணெயில் பிரிந்து போகும். அதைச் சேர்த்துப் பிடிக்க மைதாவைக் கொட்டச் சொல்வார்கள். மசால் வடைக்குப் பருப்பை யாராவது வேகவைப்பார்களா என்று வீட்டில் ஒருவரைக் கேட்டிருந்தாலே அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள்.