கேவி கூடினால் பலம் கூடாது, தம்பி

இந்த வாரமும் ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானத்தின் மோட்டார் ஒன்று கருகி வந்திருக்கிறது. கல்லூரிகளில் புராஜெக்ட் காலம் தொடங்கிவிட்டால் என் மேசையில் கருகிய கம்பிச்சுருள் வாசனைக்குக் குறைவே இருக்காது. வருகிறவர்கள் சொல்வதும் ஒரே வசனம்தான். "அண்ணே, 1000 கேவி தூக்கலன்னு 2200 கேவி வாங்கிப் போட்டோம். பறக்குறதுக்கு முன்னாடியே புகைஞ்சிருச்சுண்ணே."

புகையாமல் என்ன செய்யும்?

கேவி என்பது மோட்டாரின் பலம் இல்லை. சுமை எதுவும் இல்லாதபோது, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு, அவ்வளவே. 3எஸ் லிப்போ, அதாவது மூன்று செல் கோத்த லித்தியம் பேட்டரி, 11.1 வோல்ட். அதில் 1000 கேவி மோட்டார் 11,100 சுற்றை எட்டப் பார்க்கும். 2200 கேவி மோட்டார் 24,420 சுற்றை எட்டப் பார்க்கும். எட்டுகிற வேகம்தான் வேறு, சுமக்கிற திறன் இல்லை. எல்லாரும் வாங்கும் ஏ2212 மோட்டாரையே பாருங்கள். 1000 கேவி ரகத்தில் 13 சுற்றுக் கம்பி, 2200 கேவி ரகத்தில் 6 சுற்று. இரும்பு அதேதான், காந்தம் அதேதான், எடையும் ஏறக்குறைய அதேதான். கம்பிச் சுற்றைக் குறைத்ததால் வேகம் ஏறியது. ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை அதே விகிதத்தில் இறங்கிவிட்டது. மாட்டுத்தாவணிக்கு மூட்டை ஏற்றிப் போகிற டிவிஎஸ் 50-ஐ விட்டுவிட்டு ரேஸ் பைக்கில் மூட்டையைக் கட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகிறது.

2200 கேவி மோசமான மோட்டார் என்று சொல்லவில்லை. 6 அங்குலப் புரொப் (காற்றைத் தள்ளும் விசிறி) மாட்டி, எடை குறைந்த வேக விமானத்தில் போட்டால் நன்றாக ஓடும். நம் பிள்ளைகள் மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு, பழைய 10க்கு 4.5 புரொப்பை (விட்டம் 10 அங்குலம், பிட்ச் எனும் முறுக்கு 4.5 அங்குலம்) அப்படியே மாட்டுகிறார்கள். விட்டம் 9 அங்குலத்திலிருந்து 10 ஆனாலே, அதே வேகத்தில் சுற்ற ஒன்றரை மடங்கு பவர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு வேண்டும். அந்த வேகத்தை எட்டவே முடியாத மோட்டார், எட்டப் பார்த்து ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும். யார் தடுப்பது? சில நேரம் ஈஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட், முதலில் போகிறது. உடனே "டூப்ளிகேட் ஈஎஸ்சி கொடுத்துட்டாங்க" என்று கடைக்காரர் மேல் பழி. பாவம், 30 ஆம்பியர் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? தராசிலிருந்து. பேட்டரி, சர்வோ (வால், இறக்கை மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்), ரிசீவர் எல்லாம் சேர்த்து விமானம் எத்தனை கிராம்? இதைக் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. சன்பேக் என்ற பிளாஸ்டிக் அட்டையில் செய்துவிட்டு "லைட்டாத்தான் இருக்குண்ணே" என்பார்கள். தராசில் வைத்தால் 1.2 கிலோ காட்டும்.

பழகும் விமானத்துக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் போதும். குட்டிக்கரணம் போட 250, 300. செங்குத்தாக நிற்க வைத்து விளையாட 400-க்கு மேல். நம் 1.2 கிலோ டிரெய்னருக்குக் கிலோவுக்கு 180 வைத்தால் 216 வாட். முழு த்ராட்டிலில் 3எஸ் பேட்டரி இறங்கி 10.8 வோல்ட் அளவில் நிற்கும் என்று வைத்தால் 20 ஆம்பியர். ஏ2212 தாங்குவது 150 வாட் அளவுதான். 700, 800 கிராம் விமானத்துக்கு அது சரி. நம் 1.2 கிலோவுக்கு 70, 80 கிராம் எடையுள்ள மோட்டாராவது வேண்டும். அப்புறம்தான் கேவி. எந்தப் புரொப்பை எந்த வோல்ட்டில் சுற்றப் போகிறோம் என்று முடிவானால் கேவி தானாக வந்து நிற்கும்.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். 2212 என்பது உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் விட்டமும் உயரமும், மில்லிமீட்டரில். சில கம்பெனிகள் வெளிக்கூட்டின் அளவைப் போடும். அப்போது கிட்டத்தட்ட அதே மோட்டார் 2830 ஆகிவிடும். பெரிய நம்பர் என்று ஏமாறாதீர்கள், எடையைப் பாருங்கள்.

வாட் மீட்டர் (பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவில் மாட்டி ஆம்பியர், வாட் பார்க்கும் கருவி) இல்லாமல் புது மோட்டாரைப் பறக்க விடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். விமானத்தை நன்றாகக் கட்டிவைத்து, புரொப்புக்குப் பின்னால் நின்று, சில விநாடி மட்டும் முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். 20 ஆம்பியர் காட்டினால் ஈஎஸ்சி 30. 20-ஐ 20-லேயே ஓட்டும் சிக்கனம் வேண்டாம், அதுவும் 40 டிகிரி அடிக்கிற சித்திரை வெயிலில். ஏபிசி கம்பெனியின் ஸ்லோ ஃப்ளையர் (மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கான) புரொப்புக்கு வேக வரம்பு உண்டு: 65,000-ஐ அங்குல விட்டத்தால் வகுத்து வருவது. 10 அங்குலத்துக்கு 6,500 சுற்று. அதை 2200 கேவி மோட்டாரில் மாட்டினால் புரொப்பின் இறக்கை பிய்த்துக்கொண்டு யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. மேசையில் வைத்து ஈஎஸ்சி செட்டிங் செய்யும்போது புரொப்பைக் கழற்றிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். விரல் முளைக்காது.

வறண்ட கண்மாயில் இறக்கும்போது மூக்குக் குத்திக் கருவேல முள்ளில் சிக்கினால், ஓடிப் போய்த் தூக்குவதற்கு முன் த்ராட்டிலைக் கீழே இறக்குங்கள். புரொப் சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார் சில விநாடியிலேயே வெந்துவிடும். என்னிடம் வருவதில் கணிசமானவை இப்படி வெந்தவைதான்.

அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் காலி இடம் இருக்கிறதே என்று போகாதீர்கள், மதுரை விமான நிலையம் அங்கே இருக்கிறது. வேறு எந்த இடமானாலும் டிஜிசிஏ-வின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய இடமா) என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.