நொண்டல் நின்றுவிட்டதா? ஏறி உட்காராதீர்கள்

"டாக்டர், குதிரை இப்போது சுத்தமாக நொண்டவே இல்லை. நேற்று ஏறி ஒரு சுற்று போய்வந்தேன், அருமையாக ஓடியது."

இதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சென்ற மாதமும் கேட்டேன். எட்டு வயதுப் பெண் குதிரை, இடது முன்னங்காலின் பின்பக்கத் தசைநாணில் கிழிசல். அடிபட்ட ஏழாவது வாரத்தில் இந்த அழைப்பு வந்தது. பத்து நாள் கழித்து அடுத்த அழைப்பு: கால் வீங்கிவிட்டது, தரையில் ஊன்ற மறுக்கிறது. போய் ஸ்கேன் செய்து பார்த்தேன். முதலில் தசைநாணின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு இருந்த கிழிசல், இப்போது பாதியைத் தொட்டிருந்தது.

ஓராண்டுக்குள் எனக்கு இது நான்காவது. நான்கு உரிமையாளர்களும் குதிரையை உயிராக வைத்திருப்பவர்கள். மருந்தை நேரம் தவறாமல் கொடுத்தவர்கள், இரவில் எழுந்து போய்ப் பார்த்தவர்கள். அவ்வளவு செய்தும், நொண்டல் நின்ற அன்று குணமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தசை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. எலும்பு, தசைநாண்கள், எலும்புகளைப் பிணைக்கும் நார்கள், இரத்தக்குழாய், நரம்பு, தோல், அவ்வளவுதான். அந்த மெல்லிய காலின் பின்பக்கத்தைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும் கெட்டியான வடம்தான் தசைநாண். பலர் அதை "நரம்பு" என்கிறார்கள். "நரம்பு இழுத்துக்கொண்டது, நாலு நாள் எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பெயர்க்குழப்பமே காரணம். அது நரம்பு இல்லை. நிற்கும்போது 500 கிலோ உடம்பில் ஏறத்தாழ 60 சதவீத எடையை இரண்டு முன்னங்கால்களே சுமக்கின்றன. முழு வேகத்தில் ஓடும்போது அந்த வடம் தன் தாங்குதிறனின் எல்லைக்கு மிக அருகில் வேலை செய்கிறது. நான் சொல்வது ஆரோக்கியமான குதிரையின் நிலைமை.

இப்போது வலிக்கு வருவோம். கிழிந்தவுடன் இரத்தம் கசிகிறது, வீக்கம் வருகிறது, சூடு வருகிறது. வலியும் நொண்டலும் பெரும்பாலும் இந்த அழற்சியால் வருபவை. குளிர்ச்சி, ஓய்வு, மருந்து எல்லாம் சேர்ந்து சில வாரங்களில் அழற்சியை அடக்கிவிடுகின்றன. நொண்டலும் போய்விடுகிறது. ஆனால் கிழிந்த இடத்தில் அப்போது என்ன இருக்கிறது? அறுந்த கயிற்றின் நடுவே பஞ்சை அடைத்தது போலப் புதிய இழைகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. அவை நீளவாக்கில் அடுக்கடுக்காகத் திரும்பி, ஒன்றோடொன்று பிடித்து, எடை தாங்கும் வடமாக மாறக் குறைந்தது 9 முதல் 12 மாதம் ஆகும். மோசமான கிழிசலுக்கு அதற்கும் மேல். அப்படி ஆறிய பிறகும் அந்தத் தழும்புக்குப் பழைய மீள்தன்மை முழுமையாகத் திரும்பாது.

ஆக, ஆறாவது ஏழாவது வாரத்தில் உங்கள் குதிரைக்கு வலி இல்லை, வலுவும் இல்லை. அதற்கு இந்த விஷயம் தெரியாது. வலிக்காத காலை அது முழு பலத்தோடு ஊன்றும், துள்ளும், திறந்துவிட்டால் ஓடும். தெரிந்து தடுக்க வேண்டியவர் நீங்கள்.

காலைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை, வீக்கம் இல்லை என்கிறீர்கள். சரி. தொட்டுப் பார்ப்பது தோலுக்குக் கீழே உள்ள அழற்சியைச் சொல்லும். வடத்தின் நடுவில் உள்ள ஓட்டையைச் சொல்லாது. அதற்கு ஸ்கேன்தான் வேண்டும். முதல் சில நாட்களில் கிழிசல் இன்னும் பெரிதாகக்கூடும் என்பதால், அடிபட்ட அன்றே எடுத்த படத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முக்கியமாக வேலையைக் கூட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பு ஒரு முறை. "எதற்கு மறுபடியும் ஸ்கேன், நன்றாகத்தானே நடக்கிறது?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நன்றாக நடப்பதால்தான் கேட்கிறேன்.

வலிமருந்து விஷயத்திலும் இதே பிழைதான். பினைல்பியூட்டாசோன் என்ற வலிமருந்தைக் கொடுத்துவிட்டு, குதிரை நொண்டுகிறதா என்று நடத்திப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து வேலை செய்கிறது என்பதைத் தவிர அதில் வேறெதுவும் தெரியாது. இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்று தாமாகவே அளவைக் கூட்டுவது அதைவிட மோசம். அளவு மீறினால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் வரும், சிறுநீரகம் கெடும். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்கு ஆபத்து இரட்டிப்பு. நான் எழுதிக் கொடுத்த அளவு, எழுதிக் கொடுத்த நாட்கள். அதற்கு மேல் வேண்டும் என்று தோன்றினால் என்னைக் கூப்பிடுங்கள்.

எலும்பு முறிவு என்றால் கதை முடிந்தது என்றும் பலர் நம்புகிறார்கள். எல்லா முறிவும் அப்படி இல்லை. விலகாத முறிவுகள் பல ஓய்வில் கூடுகின்றன, பலவற்றைத் திருகு வைத்துச் சேர்க்கிறோம். பல வேளைகளில் குதிரையை நாம் இழப்பது அடிபடாத காலால்தான். 2006-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரையை நினைத்துப் பாருங்கள். அடுத்த பந்தயத்திலேயே, மே 20 அன்று, வலது பின்னங்கால் நொறுங்கியது. 27 திருகுகள் வைத்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். எலும்பு கூடிக்கொண்டு வந்தது. ஜூலையில் எதிர்ப்பக்க நல்ல காலின் குளம்பு அழற்சி கண்டு கெட்டது. பிறகு முன்னங்கால் குளம்புகளிலும் அது வந்தது. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பின் 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. உலகத்தின் மிகச் சிறந்த கவனிப்பு அதற்குக் கிடைத்தும் இப்படி முடிந்தது.

குளம்புக்குள் எலும்பைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய அடுக்குகளுக்கு இரத்தம் சீராகப் போக வேண்டுமானால், குதிரை காலை மாற்றி மாற்றி ஊன்ற வேண்டும். ஒரு கால் வலித்தால் எதிர்க்கால் இரவு பகலாக எடையைத் தாங்கியபடி அப்படியே நிற்கிறது. அதனால்தான் முதல் நாளிலிருந்தே நல்ல காலையும் நோயாளியாகப் பாருங்கள் என்று சொல்கிறேன். காலையும் மாலையும் அதன் குளம்பில் கை வையுங்கள். கணுமூட்டின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரலை வைத்து நாடி பாருங்கள். வழக்கமாக அது மெல்லியதாகத் துடிக்கும், சில குதிரைகளில் தேட வேண்டியிருக்கும். ஓங்கித் துடித்தால், குளம்பு தொடர்ந்து சூடாக இருந்தால், விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இங்கே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நல்ல காலில் இந்த அழற்சி தொடங்கும்போது, அதன் வலி தாங்காமல் குதிரை அடிபட்ட காலில் அதிகம் ஊன்ற ஆரம்பிக்கும். "இன்றைக்குத்தான் அடிபட்ட காலை நன்றாக ஊன்றுகிறது டாக்டர்" என்று மகிழ்ச்சியோடு செய்தி அனுப்புவார்கள். திடீரென்று ஒரே நாளில் வந்த முன்னேற்றத்தை நான் நம்புவதில்லை. முன்னேற்றம் வாரக்கணக்கில் வருவது. ஒரே இரவில் மாறினால் மற்ற மூன்று கால்களையும் உடனே பாருங்கள்.

படுக்கை ஆழமாக, உலர்வாக இருக்கட்டும். குதிரை நின்றபடி தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். படுத்திருக்கும் நேரம் நான்கு குளம்புக்கும் ஓய்வு. அதனால் படுத்திருக்கும் குதிரையைப் பதறி எழுப்பாதீர்கள். லாடக்காரரையும் நிறுத்தாதீர்கள். "வேலைதான் இல்லையே, குளம்பு கொஞ்சம் வளர்ந்தால் என்ன" என்று விட்டால், நீண்ட குளம்பு முனை பின்பக்கத் தசைநாணைக் கூடுதலாக இழுக்கும்.

கட்டு போடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பஞ்சு தடிமனாகவும் சுருக்கமில்லாமலும் இருக்க வேண்டும், இறுக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். பஞ்சு இல்லாமல் இழுத்துக் கட்டிய பேண்டேஜே தசைநாணைப் புண்ணாக்கியதைப் பார்த்திருக்கிறேன். தெரியாவிட்டால் கேளுங்கள், என் கையைப் பார்த்து இரண்டு முறை கட்டிப் பழகுங்கள். கட்டு நழுவியிருந்தாலோ, நனைந்திருந்தாலோ, குதிரை அதைக் கடிக்க ஆரம்பித்தாலோ அவிழ்த்துப் பார்க்க வேண்டும், "நாளைக்குத்தானே மாற்றச் சொன்னார்" என்று இருக்கக் கூடாது. எதிர்க்காலுக்கும் ஆதரவுக் கட்டு வேண்டும். திறந்த காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி கட்டாயம். குதிரையைப் போல அதற்கு எளிதில் இரையாகும் விலங்கு குறைவு. மூட்டுக்கருகில் இருக்கும் சின்னத் துளைக்காயம், பார்க்கப் பயமுறுத்தும் பெரிய கிழிசலைவிட ஆபத்தாக இருக்கலாம். மூட்டுக்குள் கிருமி போனால் மணிக்கணக்கில் செயல்பட வேண்டும். காயத்தின்மேல் சிவப்பாகப் புடைத்து வளரும் சதையைத் துத்தம் வைத்துச் சுட வேண்டாம். அதில் நரம்பே கிடையாது, நாங்கள் வெட்டி எடுத்தால் வலிக்காது. நீங்கள் சுட்டால் பக்கத்தில் உள்ள நல்ல தோலும் வெந்துபோகும்.

அப்புறம் வயிறு. ஓடித் திரிந்த குதிரையை அறைக்குள் நிறுத்தினால் குடலும் மந்தமாகிறது. 500 கிலோ குதிரை நாளுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்க வேண்டும். வாளியில் அளந்து வைத்தால்தான் தெரியும். சாணம் நாளுக்கு 8 முதல் 12 முறை போடும். எண்ணிக்கை குறைந்தாலோ, உருண்டை சிறுத்து வறண்டாலோ அடைப்பு வரப்போகிறது. வேலை நின்ற அன்றே தானியத்தைக் குறையுங்கள். "பாவம், அடிபட்டிருக்கிறது, சத்தாகச் சாப்பிடட்டும்" என்று அள்ளிப் போடுவது பாசம்தான், புரிகிறது. ஆனால் அந்தத் தானியம் எடையாகிக் காலில் ஏறும், உடம்பில் தெம்பாகி உங்கள் கையை மீறும், குளம்பு அழற்சியையும் கிளப்பிவிடும். உலர்புல்லைக் குறைக்காதீர்கள், நாளுக்கு 8 முதல் 10 கிலோ, சிறு கண்ணி வலையில், நாள் முழுக்க மென்றுகொண்டிருக்கும்படி. வலை, கால் மாட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

மென்றுகொண்டிருப்பது மனதுக்கும் நல்லது. கூட்டத்தில் வாழும் பிராணியைத் தனி அறையில் அடைத்து மாதக்கணக்கில் நில் என்கிறோம். இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருப்பது, மரத்தைக் கடித்துக் காற்றை இழுப்பது எல்லாம் அப்போது தொடங்கலாம். அதை அடித்து நிறுத்த முடியாது, அடிக்காதீர்கள். இன்னொரு குதிரை கண்ணில் படும்படி அறையை மாற்றுங்கள். தினமும் தேய்த்துவிடுங்கள், பக்கத்தில் நின்று பேசுங்கள். இதை மருந்துச்சீட்டில் எழுத முடியாது, எழுத முடிந்தால் முதல் வரியாக எழுதியிருப்பேன்.

ஓய்வு என்றால் ஓராண்டு அசையாமல் நிறுத்துவது இல்லை. தாறுமாறான இழைகள் நேராவதற்கு அளவான சுமை வேண்டும். தசைநாண் காயத்துக்கு நான் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறை, தலா 5 நிமிடம், கையில் பிடித்து நடத்துவதில் தொடங்குகிறேன். சமதளம், நேர்கோடு, கெட்டியான தரை. பிறகு கால் ஒத்துழைத்தால் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுகிறேன். வட்டத்தில் ஓட்டக் கூடாது. டிராட், அதாவது நடையைவிட வேகமான மெல்லோட்டம், எப்போது என்பதை ஸ்கேன் சொல்லும். கையில் கடிகாரம் இருக்கட்டும்; உற்சாகத்தில் ஐந்து நிமிடம் பதினைந்தாவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

பல வாரம் அடைந்துகிடந்த குதிரை வெளியே வந்ததும் எழும்பிக் குதிக்கும். தலைக்கவசம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ரொம்பத் துள்ளினால் சொல்லுங்கள், முதல் சில நாட்களுக்கு மிதமான மயக்கமருந்து தருகிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மைதானத்தில் அவிழ்த்துவிட்டு "தானே பார்த்து நடந்துகொள்ளும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நடந்துகொள்ளாது. ஒரு நிமிட ஓட்டம் ஆறு மாத வேலையைக் கிழித்துப் போடும்.

சென்ற மாதத்துப் பெண் குதிரை இப்போது மறுபடி அறையில் இருக்கிறது. பாதி கிழிந்த தசைநாணுக்கு முதலிலிருந்து எல்லாம். உரிமையாளரைத் திட்டப் போனேன், அவர் கண்ணைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. அறைக்கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: தண்ணீர் எத்தனை வாளி, சாணம் எத்தனை முறை, நான்கு குளம்பின் சூடு, நாடி. மாலையில் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். நேற்று வந்த தாளின் கடைசி வரி: "நொண்டல் இல்லை. வெளியே விடவில்லை."