எங்கே வெட்டினால் மரம் மூடிக்கொள்ளும்? வாசல் வேம்பின் கவாத்துக் கணக்கு

புரட்டாசி பிறந்தால் வடசென்னைத் தெருக்களில் அரிவாள் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் புயல் என்ற பயம். வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை என்று எங்கே போனாலும் வாசல் வேம்பும் புங்கனும் கிளையெல்லாம் இழந்து, வெறும் கட்டையாக மொட்டையடிக்கப்பட்டு நிற்கும். இரண்டே மாதத்தில் கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர் வந்துவிடும். "பாத்தீங்களா, எவ்ளோ ஜோரா துளுத்துக்கிச்சு" என்று வெட்டியவருக்கும் வெட்டச் சொன்னவருக்கும் திருப்தி. ஆனால் நாலைந்து வருடம் கழித்து ஒரு புயலில் முதலில் பிய்ந்து விழப்போவது இந்தத் துளிர் பருத்து உண்டான கிளைதான். கவாத்து செய்தது, அதாவது கிளை வெட்டியது தப்பில்லை, வெட்டிய இடம்தான் தப்பு.

இது புரிய வேண்டுமானால், வெட்டுப்பட்டதும் மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் தோலில் காயம் பட்டால், கெட்ட செல்கள் இருந்த இடத்திலேயே புதிய செல்கள் வந்து புண் ஆறுகிறது. மரத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒருமுறை வெட்டுப்பட்ட கட்டை கடைசிவரை வெட்டுப்பட்ட கட்டைதான். மரம் செய்வதெல்லாம் காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் உள்ளே பரவாமல் அடைத்துவிடுவது. அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சியாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்து, 1970-களில் இதை விளக்கினார். மொத்தம் நான்கு சுவர்கள். மேலும் கீழும் நீரோடும் குழாய்களை அடைப்பது முதல் சுவர். நான்கில் மிக பலவீனமானது இதுதான். அதனால்தான் அழுகல் பக்கவாட்டில் பரவுவதைவிட மேலும் கீழுமாக வேகமாக ஓடுகிறது. இரண்டாவது சுவர் உள்நோக்கி மையத்துக்குப் போவதைத் தடுக்கும். மூன்றாவது பக்கவாட்டில் பரவுவதைத் தடுக்கும். நான்காவது, காயம் பட்ட பிறகு பட்டைக்கு அடியில் புதிதாக உருவாகும் அடுக்கு. பழைய கட்டையையும் இனி வளரப்போகும் கட்டையையும் பிரித்து நிற்கும் இதுதான் கோட்டைச் சுவர். அடிமரம் முழுக்கப் பொந்து விழுந்த புளியமரம் பல்லாண்டு பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்தது அழுகிப்போனாலும், நான்காவது சுவருக்கு வெளியே வளர்ந்தது நல்ல கட்டையாகவே இருக்கிறது.

இந்தச் சுவர் எழுப்பும் வேலையை எல்லாவற்றையும்விடத் திறமையாகச் செய்கிற இடம் ஒன்று ஒவ்வொரு கிளையிலும் உண்டு. நன்கு வளர்ந்த வேம்பில், கிளை தண்டோடு சேரும் இடத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மேல்புறக் கவையில் பட்டை நெருக்குண்டு, கருத்துச் சொரசொரப்பாக வயல் வரப்பு மாதிரி மேடிட்டிருக்கும். கீழ்ப்புறம் கிளையின் அடி கொஞ்சம் பருத்து, சட்டைக் காலர் மடிந்து நிற்பது போலிருக்கும். காலர் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலால் தடவினால் தெரியும்: கிளையின் நுனிப்பக்கமிருந்து தண்டை நோக்கி வந்தால், திடீரென்று பருமன் கூடும் இடம். இந்தக் காலர் தண்டுக்குச் சொந்தம், கிளைக்கு அல்ல. அதற்குள் தடுப்பு இரசாயனங்கள் நிறைந்த ஒரு பகுதி காத்திருக்கிறது. கிளை தானாகப் பட்டுப்போனாலும் அந்த இடத்தோடு அழுகல் நின்றுவிடும்படி மரம் ஏற்கெனவே செய்துவைத்த ஏற்பாடு அது.

ஆகவே வெட்டு, மேலே வரப்புக்குச் சற்று வெளியே தொடங்கி, கீழே காலருக்குச் சற்று வெளியே முடிய வேண்டும். தண்டோடு ஒட்ட மழமழவென்று வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காலர் போய்விடும், தண்டே காயப்படும். ஒரு சாண் கட்டை விட்டு வெட்டினால் வேறு வகைக் கேடு. இலை இல்லாத அந்தக் கட்டைக்கு உணவு வராது. அது பட்டு, ஈரம் ஊறி, பூஞ்சை உள்ளே நுழையும் வாசலாகிவிடும். மேலே மூடி வளர வேண்டிய பட்டைக்கும் நடுவில் துருத்தும் கட்டை தடை.

சரியாக வெட்டினோமா என்பதை ஓராண்டில் மரமே காட்டிவிடும். காலரை விட்டு வெட்டிய காயத்தைச் சுற்றிப் புதுப்பட்டை முழு வளையமாக, மெதுவடை மாதிரி உருண்டு வரும். வடையின் ஓட்டை வருடத்துக்கு வருடம் சிறுத்து மூடிக்கொள்ளும். ஒட்ட வெட்டிய காயத்தில் இடமும் வலமும் மட்டும் புடைக்கும், மேலும் கீழும் மூடாமல் காயும்.

கைப்பிடி பருமனுக்கு மேல் போகும் எந்தக் கிளையையும் ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. பாதி அறுக்கும்போதே கிளை தன் எடையால் சாய்ந்து, அடிப்பட்டையைத் தண்டின் கீழ்வரை உரித்துக்கொண்டு போய்விடும். வேம்பில் அப்படி ஒரு முழ நீளத்துக்கு உரிந்த காயம் மூடவே மூடாது. முதல் வெட்டு, தண்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடியிலிருந்து மேல்நோக்கி, பருமனில் மூன்றில் ஒரு பங்குவரை. இரண்டாவது, அதற்கும் சில செ.மீ. வெளியே, மேலிருந்து கீழாக. கிளை ஒடிந்து விழும், உரிசல் வந்தாலும் முதல் வெட்டோடு நின்றுவிடும். மூன்றாவதாக, எடை போன பிறகு மிச்சக் கட்டையைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு காலருக்கு வெளியே நிதானமாக அறுப்பது. அரிவாள் இதற்கு உதவாது. பல்லுள்ள வளைந்த கைரம்பமும், விரல் பருமனுக்குக் கீழே உள்ளவற்றுக்குக் கவாத்துக் கத்தரியும் வேண்டும்.

வெட்டிய இடத்தில் சாணி, செம்மண், பெயின்ட், தார் என்று எதையாவது பூசும் வழக்கம் இருக்கிறது. பூச்சு ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். வெயிலில் வெடித்து, வெடிப்புக்குள் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். மாந்தோப்புகளில் தாமிரப் பசை தடவுவது குறிப்பிட்ட நோய்களுக்காக, அது வேறு. வாசல் மரத்தைப் பொறுத்தவரை, சரியான இடத்தில் விழுந்த வெட்டுக்குப் பூச்சு தேவையில்லை. தப்பான இடத்தில் விழுந்ததை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. பொந்துக்குள் சிமென்ட் அடைப்பதும் அப்படித்தான்: மரம் காற்றில் அசையும், சிமென்ட் அசையாது. இரண்டும் உரசி உள்ளே இருக்கும் சுவர் உடைகிறது.

இப்போது மொட்டையடித்த மரத்தின் துளிருக்கு வருவோம். கிளை நுனியிலுள்ள மொட்டு ஆக்சின் என்ற ஹார்மோனைத் தயாரித்துக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது வந்துகொண்டிருக்கும்வரை கீழே உள்ள மொட்டுகள் உறங்கும். நுனியைக் கிள்ளினால் விழித்துக்கொள்ளும். துளசியை, மல்லியைக் கிள்ளிவிடுகிற எல்லோருக்கும் இது தெரியும். 1930-களில் தீமான், ஸ்கூக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், நுனி கிள்ளிய அவரை வகைச் செடி ஒன்றின் வெட்டு வாயில் ஆக்சின் வைத்துப் பார்த்தார்கள். பக்க மொட்டுகள் விழிக்கவில்லை. நுனி இருப்பதாகவே செடி நடந்துகொண்டது. இதோடு வேரிலிருந்து ஏறிவரும் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன், மொட்டுக்குக் கிடைக்கும் சர்க்கரை ஆகியவற்றுக்கும் பங்குண்டு என்பது பிறகு தெரிந்தது.

மொட்டையடித்தால் எல்லா நுனியும் ஒரே நாளில் போகிறது. பட்டைக்கு அடியில் பல வருடமாக உறங்கிய மொட்டுகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. அவை வளர்வது, கட்டையிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கரைத்து. அதை ஜோர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுப்பெரிக்க வீட்டுக் கூரையைப் பிரிக்கிற நிலை அது. அதிலும் அந்தக் கிளைகளுக்குப் பிடிமானம் கிடையாது. இயல்பாக வளர்ந்த கிளையின் அடி தண்டின் மையம்வரை போயிருக்கும், ஆண்டுதோறும் தண்டின் கட்டை அதைச் சுற்றி இறுக்கும். சுவர் கட்டும்போதே உள்ளே வைத்துக் கட்டிய கம்பி மாதிரி. மொட்டைக்குப் பின் வரும் துளிரோ மேல் அடுக்கில் மட்டும் ஒட்டியிருக்கும், பூச்சுவேலை முடிந்த பின் ஒட்டிய கொக்கி மாதிரி. கீழே வெட்டு வாய் அழுகிக்கொண்டிருக்க, மேலே அது கை பருமனாகிறது. பிறகு காற்று வருகிறது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது மரத்தைத் தள்ளும் விசை சுமார் நான்கு மடங்காகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் காற்று வீசி, ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புயலுக்கு முன் செய்ய வேண்டிய கவாத்து, கிளையைக் குட்டையாக்குவது, ஆனால் மொட்டையாக அல்ல. நீண்டு தொங்கும் கிளையின் நுனியை, அதிலிருந்து பிரியும் ஒரு பக்கக் கிளைவரை எடுக்க வேண்டும். அந்தப் பக்கக் கிளை, எடுக்கப்படுவதன் பருமனில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது புது நுனியாகப் பொறுப்பேற்று ஆக்சின் அனுப்பும். உறங்கும் மொட்டுகள் அதிகம் கிளம்பாது. கிளையின் நீளம் குறைவதால் அடியில் விழும் நெம்பு விசையும் குறைகிறது. பட்டுப்போனவை, ஒன்றோடொன்று உரசுபவை, 'வி' வடிவில் நெருங்கி நடுவில் பட்டை சிக்கிய கவைகள் ஆகியவற்றை முதலில் கவனிக்க வேண்டும். 'யு' வடிவக் கவை பலமானது, அதைத் தொட வேண்டாம்.

உள்ளே இருக்கும் சிறு கிளைகளையெல்லாம் வழித்துவிட்டு, கரும்புத் தோகை மாதிரி நுனியில் மட்டும் இலை விடுவதையும் சிலர் கவாத்து என்கிறார்கள். மொட்டைக்கு அடுத்த கெடுதல் இதுதான். எடை முழுவதும் நுனிக்குப் போகிறது, ஆட்டத்தை உள்வாங்கிச் சிதறடிக்க நடுவில் கிளையே இருக்காது. ஓராண்டில் எடுக்கும் பச்சை இலை மொத்தத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. வயதான மரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

காசிமேடு முதல் எண்ணூர்வரை கடற்கரையோரம் இன்னொரு விஷயம் சேர்கிறது. உப்புக்காற்று கிழக்குப் பக்க மொட்டுகளைக் கருக்கும். மரம் மேற்கே சீவிவிட்ட தலைமுடி போல வளரும். காய்ந்த கிழக்குச் சிம்புகளை அசிங்கமென்று வழித்தால், பின்னாலிருக்கும் நல்ல துளிர் அடுத்துக் கருகும். அவற்றை விட்டுவையுங்கள். பூவரசு உப்பையும் தாங்கும், வெட்டையும் தாங்கும். அந்தப் பக்கம் புதிதாக நடுவோருக்கு அதுவே என் முதல் சிபாரிசு. வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் தேங்கி மண் குழம்பும்போது கிளை ஒடிவதைவிட வேரோடு சாய்வதே அதிகம். கால்வாய்க்காக ஒரு பக்க வேரை அறுத்த மரத்தைக் கவாத்து மட்டும் காப்பாற்றாது.

எப்போது வெட்டுவது? வேம்பு, புங்கன் இரண்டுக்கும் தை கடைசி, மாசி. பழைய இலை உதிர்ந்து, கொழுந்து விடுவதற்குச் சற்று முன். துளிர்க்கும் வேகத்தில் காயத்தைச் சுற்றி வளையமும் சீக்கிரம் உருளும். கொழுந்து விரிந்துகொண்டிருக்கும்போது வெட்டினால் சேமிப்பு செலவாகியிருக்கும், வரவு தொடங்கியிருக்காது. அக்னி நட்சத்திரத்தில் கூடாது. நிழலிலேயே இருந்த பட்டை திடீர் வெயிலில் வெந்து வெடிக்கும். புயலுக்கான லேசான கவாத்தை ஆடியிலேயே முடித்துவிட வேண்டும். மழையில் வேம்பை வெட்டுவதைத் தவிர்க்க முக்கியக் காரணம் நுனிக்கருகல். போமாப்சிஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் மழைச் சாரலில் பரவி, நுனிகள் பழுப்பாகக் கருகும். கருகிய கொப்பை, பழுப்பு முடியும் இடத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டி, மரத்தடியில் போடாமல் மூட்டை கட்டி அகற்றுங்கள். ஒரு மரம் முடித்து அடுத்ததற்குப் போகும்முன் ரம்பத்தை 70 சதவீத ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

முருங்கையை ஒடித்து வளர்க்கணும் என்பார்கள். முருங்கைக்கு அது நூற்றுக்கு நூறு சரி. மெத்தென்ற கட்டை, ஒடிந்த இடத்திலிருந்து போத்து போத்தாகக் கிளம்பும். காய்ப்பது புதுக் கிளையில். பி.கே.எம்.-1 இரகத்தை 75 செ.மீ. உயரத்தில் நுனி கிள்ளுவதும், காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டுவதும் அதனால்தான். பல வருடம் நிற்க வேண்டிய வேம்புக்கு அந்தப் பழமொழியைப் பொருத்தியதில்தான் பாதி மொட்டைகள் நடக்கின்றன.

வாதாங்கொட்டை மரம் இன்னும் நுட்பமானது. நேரான நடுத்தண்டு, அதில் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி கிடைமட்டக் கிளைகள், அடுக்கு மேல் அடுக்கு. நடு நுனியை ஒருமுறை வெட்டினால் அந்தக் கோபுர வடிவம் திரும்பாது. உதிரும் முன் இலை சிவப்பதாலும், அடுக்கடுக்கான உருவத்தாலும், படங்களில் பார்த்து ஆசைப்படும் ஜப்பானிய மேப்பிளுக்கு நம்மூரில் நெருங்கி வருவது இதுதான். மேப்பிளுக்கு உறங்கக் குளிர்காலம் வேண்டும். மார்கழியிலும் வியர்க்கும் ஊரில் அது தேறாது. ஆனால் ஜப்பானில் அதை இலையுதிர்ந்த உறக்கத்தில் கவாத்து செய்பவர்களும் இதே காலரைத்தான் தேடுகிறார்கள். மேப்பிளின் மொட்டுகள் எதிரெதிரே ஜோடியாக இருப்பதால், நுனியை வெட்டினால் ஒன்று இரண்டாகப் பிரிந்து அடைசலாகும். அதனால் நுனியைக் கத்தரிக்காமல், அடுக்குகளுக்கிடையே வெளிச்சம் புகும்படி முழுச் சிறுகிளையையே கவைவரை எடுக்கிறார்கள். வாதாங்கொட்டை மரத்துக்கும் அதைத்தான் செய்ய வேண்டும்.

இவ்வளவு பாடும் வராமலிருக்க, கன்று நட்ட முதல் ஐந்து வருடம் கவனித்தால் போதும். ஒரே நடுத்தண்டு, போட்டிக்கு எழும் இரண்டாவதைச் சுண்டுவிரல் பருமனிலேயே எடுத்துவிடுங்கள். தண்டின் பருமனில் பாதியைத் தாண்டிய கிளைக்குச் சரியான காலர் உருவாகாது, பிறகு எங்கே வெட்டினாலும் பெரிய காயம்தான். கீழ்ச்சிம்புகளை உடனே வழிக்காமல் ஒரு முழத்துக்குக் குறுக்கி இரண்டு மூன்று வருடம் விட்டுவையுங்கள், அடிமரம் பருக்க அவைதான் சோறு போடும். பிறகு நடைபாதைப் பக்கம் இரண்டரை மீட்டர்வரையும், மணலி, எண்ணூர் சாலைகள் போலக் கன்டெய்னர் லாரி போகும் பக்கம் ஐந்து மீட்டர்வரையும் படிப்படியாகக் கிளையை ஏற்றலாம். கன்டெய்னர் லாரி நான்கு மீட்டரைத் தாண்டும். அது இடித்துக் கிழிக்கும் கிளைக்குக் காலராவது வரப்பாவது.

மின்கம்பி உரசும் மரத்தில் நீங்களாக ஏறாதீர்கள், கம்பியில் மின்சாரத்தை நிறுத்தியபின் மின்வாரிய ஆட்கள்தான் தொட வேண்டும். தெருமரமானால் வெட்டும்முன் மாநகராட்சியின் அனுமதியும் வேண்டும். வெட்டி முடித்தபின் உரம் எதுவும் போடாமல், வாரம் இருமுறை தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். யூரியா போட்டால் மறுபடி அந்த வலுவற்ற துளிரைத்தான் கிளப்பிவிடும். அடுத்த மாசியில் காயத்தைப் போய்ப் பாருங்கள். வளையம் எந்தப் பக்கம் உருளாமல் நிற்கிறதோ, அந்தப் பக்கம் ரம்பம் காலருக்குள் போயிருக்கிறது. அடுத்த கிளையில் அந்தப் பக்கம் ஒரு விரற்கடை வெளியே வைத்து அறுங்கள்.