விடாத பிடி: மனமா, மூளையா என்று தேடும் எளிய பரிசோதனைகள்

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறக்கும். யாரும் கற்றுத் தராத இந்த அனிச்சைச் செயல்கள் சில மாதங்களில் நின்றுபோகின்றன. ஆனால் அவை அழிந்துவிடுவதில்லை. மூளையின் முன்மடல் வளர வளர அவற்றை அடக்கிவைக்கிறது. முகப்பில் ஐயா உட்கார்ந்திருக்கும்வரை வளவில் பிள்ளைகள் அடங்கியிருப்பார்களே, அப்படி. முன்மடல் பழுதானால் எழுபது வயதிலும் அந்தப் பழைய செயல்கள் தலைகாட்டும்.

செட்டிநாட்டு வாசகர்களுக்கு இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீடுகளில் முதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. அப்பச்சிக்குப் பேச்சு குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் போனால் "வயசாயிருச்சு" என்கிறோம். இல்லாவிட்டால் "மனசு சரியில்லை" என்கிறோம். ஊருக்கு வந்த மகளின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை என்றால், "பாசம் கூடிப்போச்சு" என்று கண் கலங்குகிறோம். பாசமாகவே இருக்கலாம். ஆனால் "கையை விடுங்க அப்பச்சி" என்று சொல்லியும், அவரே விட நினைத்தும், விரல்கள் விடவில்லை என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய அறிகுறி.

மருத்துவர் இதைச் சோதிக்கும் விதம் எளிது. "பிடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சுக் கொடுத்தபடியே உள்ளங்கையைத் தன் விரலால் வருடுவார். விரல்கள் தாமாக மூடிக்கொண்டால் அது பிடி அனிச்சை. நலமான பெரியவர்களிடம் இது அரிது. பெரும்பாலும் முன்மடலின் உட்புறப் பகுதி பாதிக்கப்பட்டதை இது காட்டும். எந்தக் கை பிடிக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்து மூளையைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, புருவ மத்தியில் விரலால் திரும்பத் திரும்பத் தட்டுவது. நமக்கு நாலைந்து தட்டலில் கண் சிமிட்டுவது நின்றுவிடும். பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு நிற்காது. மனநோய்க்குத் தரும் சில மாத்திரைகளும் பார்க்கின்சன் போன்ற விறைப்பையும் நடுக்கத்தையும் உண்டாக்கக்கூடியவை என்பதால், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

உள்ளங்கையில் கட்டைவிரலின் அடிமேட்டைக் கீறினால் அதே பக்கத்து மோவாய்த் தோல் சுருங்குவது மூன்றாவது. ருமேனிய நரம்பியல் மருத்துவர்கள் மரினெஸ்கோவும் ராடோவிச்சியும் 1920இல் விவரித்தது. நலமானவர்கள் பலரிடமும் இது உண்டு, வயதானால் இன்னும் கூடும். இது ஒன்றை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் ஒருவருக்கொருவர் சோதித்துப் பார்த்துப் பயந்துபோக வேண்டாம்.

பாரிஸில் நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1896இல் எழுதிய பாத அனிச்சை இவற்றில் மிகவும் நம்பகமானது. உள்ளங்காலின் வெளியோரத்தைக் கீறினால் பெருவிரல் கீழே மடங்க வேண்டும்; மேலே எழும்பினால் மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் இயக்க நரம்புப் பாதையில் கோளாறு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது இயல்பு. மனக்கலக்கத்தால் வந்த கால் பலவீனத்தையும் நரம்பு நோயால் வந்ததையும் பிரித்தறிய இது உதவியது. ஒருவர் நினைத்தபடி நடித்துக் காட்டக்கூடிய அசைவல்ல இது.

மனநோய்க்கும் மூளைநோய்க்கும் நடுவே சுவர் எழுப்ப இந்தச் சோதனைகள் இடம் தருவதில்லை. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களிடமும் இத்தகைய அனிச்சைகள் மற்றவர்களைவிட அதிகம் தென்படுகின்றன. பேசாமல், அசையாமல் உறைந்துபோகும் கேட்டட்டோனியா நிலையை அளக்க 1996இல் வெளிவந்த புஷ்–பிரான்சிஸ் அளவுகோலில் பிடி அனிச்சைக்குத் தனி இடம் உண்டு. அந்த நிலை பலருக்கு லோராசெபாம் மருந்தில் தெளிந்துவிடும்.

முதியவரிடம் பிடி அனிச்சையோடு நடை தளர்வும் சிறுநீர் அடக்க முடியாமையும் சேர்ந்தால் ஸ்கேன் எடுக்கத் தாமதிக்கக் கூடாது. மூளையில் நீர் தேங்கியிருக்கலாம், கட்டி அழுத்தலாம், மூளை உறைக்கடியில் ரத்தம் கசிந்திருக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு அறுவை சிகிச்சை உண்டு. முற்றத்துப் படியில் வழுக்கித் தலையில் லேசாக அடிபட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரென்றால் அதை முதலில் சொல்லுங்கள்.