டேரா: கூடாரம் அடிப்பவனுக்கும் தெருவில் படுப்பவனுக்கும் ஒரே சொல்லா?

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் சேலத்தில் இருந்து கூப்பிட்டான். "அண்ணா, 'இல்லீகல் கேம்பிங்'னு ஒரு சொல் வருது, 'சட்டவிரோத முகாம்'னு போட்டேன், எடிட்டர் திருப்பி அனுப்பிட்டாரு, ஏதோ துப்பாக்கிப் பயிற்சி நடக்குற மாதிரி இருக்குங்கறாரு. வேற என்ன போடறது?" அவன் கையில் இருந்தது அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தைப் பற்றிய செய்தி. ஏற்கெனவே வியாபாரம் படுத்துக்கிடக்கும் கடைத்தெரு, அதன் ஓரத்தில் வீடில்லாதவர்கள் போட்டிருக்கும் கூடாரங்கள், கடைக்காரர்கள் நகர மன்றத்தில் போய் முறையிடுகிறார்கள், மன்றம் ஏதாவது செய்தாக வேண்டும்.

"டேரான்னு போடு" என்றேன். "அது கொச்சை இல்லையா?" என்றான். கொச்சைதான். ஆனால் அந்தச் சொல்லில் இருக்கிற கோபம் முகாமில் கிடையாது. அதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் முகாம். இது அரபியில் மகாம், நிற்கும் இடம் என்று பொருள். பாரசீகம், உருது வழியாக நம் சர்க்கார் ஆபீஸ் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்று முகாம் என்றால் தமிழனுக்கு எது ஞாபகம் வரும்? கண் பரிசோதனை முகாம், ரத்ததான முகாம், வாக்காளர் பட்டியல் திருத்த முகாம், அப்புறம் அகதிகள் முகாம். எல்லாமே யாரோ ஏற்பாடு செய்தவை, பெரும்பாலும் அரசாங்கமே ஏற்பாடு செய்தவை. கலெக்டர் குடியிருக்கும் பங்களாவுக்குக்கூட 'முகாம் அலுவலகம்' என்றுதான் பலகை. தாலுகா ஆபீசுக்குப் போனால் "சார் கேம்ப் போயிருக்காரு" என்பார்கள், நாம் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். இப்படி அதிகாரத்தின் வாசனை அடிக்கும் சொல்லை எடுத்துப் பாலத்தடியில் படுத்திருப்பவன் தலையில் வைத்தால் ஒட்டுமா? எடிட்டர் திருப்பி அனுப்பியது நியாயம்தான்.

கேம்ப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு படை வரலாறு உண்டு. லத்தீனில் கேம்பஸ் என்றால் வெட்டவெளி மைதானம். படைகள் அங்கே இறங்கியதால் இறங்கும் இடத்துக்கே அந்தப் பேர் ஆகிவிட்டது. கல்லூரி கேம்பஸும் அதே வேர்தான்.

சரி, டேரா. இந்தி, உருது, பஞ்சாபி மூன்றிலும் டேரா என்றால் கூடாரம், தங்குமிடம். பாகிஸ்தானில் டேரா இஸ்மாயில் கான் என்று ஓர் ஊர் இருக்கிறது. டேராடூனில் இருப்பதும் இதே டேராதான்; சீக்கிய குரு ஹர் ராயின் மகன் ராம் ராய் 17ஆம் நூற்றாண்டில் வந்து தங்கிய இடம், டூன் பள்ளத்தாக்கில். தமிழுக்கு இது ஜில்லா, தாலுகா, வசூல், பாக்கி, ஜமாபந்தி எல்லாம் வந்த அதே வண்டியில்தான் வந்திருக்க வேண்டும். சேலம் பக்கம் ஹைதர், திப்பு ஆட்சியில் இருந்த சீமை. 1792இல் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனதும் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். அளக்க வந்தவர்கள் டேரா போட்டுத் தங்கினால் ஊருக்குச் செலவு, கேள்வி கேட்கவும் முடியாது.

தமிழில் டேராவுக்குக் கூடாரம் என்ற பொருள் தேய்ந்துபோய், டேரா போடுதல் என்ற வினைதான் நின்றது. கூப்பிடாமல் வந்து, போகிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்துகொள்வது. "ரெண்டு நாள்ல போயிடறேன்னு வந்தான், ரெண்டு வாரமா டேரா போட்டிருக்கான்" என்று மச்சானைப் பற்றிப் பேசும்போது அங்கே துணியும் இல்லை, முளைக்குச்சியும் இல்லை. போகச் சொல்ல "டேராவைக் கிளப்பு". ஆக இந்தச் சொல்லுக்குள்ளேயே அனுமதி இல்லை என்பது அடங்கியிருக்கிறது. முன்னால் 'சட்டவிரோத' என்று சேர்க்க வேண்டிய தேவையே இல்லை.

இதற்குத் தமிழே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. சேலத்துக்காரர்கள் தினமும் பஸ் பலகையில் படிக்கிறார்கள்.

பாடி என்று ஒரு சொல். முல்லைப்பாட்டில் படை காட்டுக்குள் இறங்கி, முள்ளை வெட்டிப்போட்டுச் சுற்றிலும் வேலி வளைத்து, கடல் மாதிரிப் பரந்து கிடக்கிறது; அதைப் "படுநீர்ப் புணரியின் பரந்த பாடி" என்கிறார் புலவர். இதே பாடிக்கு முல்லை நிலத்து ஊர் என்றும் பொருள், ஆயர்பாடி போல. படை இறங்கினாலும் பாடி, மாடு மேய்ப்பவர் குடியிருந்தாலும் பாடி. இப்போது வாழப்பாடியையும் எடப்பாடியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பாளையமும் படை இறங்கும் இடம்தான். தமிழ் பைபிளில் இஸ்ரவேலர் போகுமிடமெல்லாம் "பாளயமிறங்கினார்கள்" என்று வரும். 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த குமாரபாளையம் முதல் கோயம்புத்தூர் வரைக்கும் கொங்கில் தடுக்கி விழுந்தால் ஒரு பாளையம். பாசறையும் உண்டு, ஆனால் அதைக் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இளைஞர் பாசறை என்று சுவரில் எழுதிய பிறகு அங்கே யாரும் தூங்குவதாகத் தோன்றுவதில்லை.

எனக்குப் பிடித்தது பட்டி. அஸ்தம்பட்டி, கொண்டலாம்பட்டி என்று ஊர்ப்பேராகவே பழகிவிட்டதால் அதன் அடிப்பொருளை மறந்துவிட்டோம்: ஆடு மாடு அடைக்கும் இடம். கொங்கில் 'பட்டி போடுதல்' என்பார்கள், தெற்கே 'கிடை போடுதல்'. அறுவடை முடிந்த வயலில் ஆட்டு மந்தையை ராத்திரி மறித்து வைப்பார்கள், மேய்ப்பவரும் அங்கேயே படுத்துக்கொள்வார், விடிந்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். இதற்கு நிலத்துக்காரர்தான் காசோ தானியமோ தருவார், இத்தனை ஆட்டுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி. அடுத்தவன் நிலத்தில் ராத்தங்கல், கூலி வாங்கிக்கொண்டு! தங்கியவன் எதை விட்டுப்போனான் என்பதை வைத்துத்தான் அவன் வரவேற்கப்பட்டான். இந்தக் கணக்கு எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லை.

இப்போது மேலே ஏறுவோம். அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஏறி முடித்தால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. கோடை விழாவை விட்டால் மற்ற நாட்களில் அங்கே சிறு கடை வைத்திருப்பவர்களின் பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மழைக்காலத்தில் வாரநாளில் போய்ப் பாருங்கள், மிளகாய் பஜ்ஜிக் கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டே இருக்கும், ஆள் இருக்காது. எனக்குப் பழக்கமான கடைக்கார அக்கா ஒருவர் சொன்னது: "கார்ல வர்றாங்க, வியூ பாயிண்ட்லயே துணிக்கொட்டாய் போடறாங்க, அடுப்பும் கொண்டாந்துடறாங்க, நூடுல்ஸும் கொண்டாந்துடறாங்க. ரூமும் எடுக்கறதில்ல, பஜ்ஜியும் வாங்கறதில்ல. காலையில பாட்டில நாங்க பொறுக்கணும்." துணிக்கொட்டாய்! கூடாரத்துக்கு இதைவிட நல்ல பேரை எந்த அகராதியில் தேடுவது? அவர் அந்த ஆட்களைச் சொன்ன வார்த்தையும் டேராதான்.

காட்டுக்குள் கூடாரம் என்பது வேறு சங்கதி, அங்கே வனத்துறை சட்டம் நேராகவே பாயும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் செத்த பிறகு மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. நான் பேசுவது காடும் இல்லாத, பட்டாவும் இல்லாத சாலையோரத்தை, ஏரிக்கரையை. அதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: புறம்போக்கு. புறம் என்றால் வெளி. வரி போடும் கணக்குக்கு வெளியே போன நிலம். ஆளைத் திட்டுவதற்கு அது பயன்படத் தொடங்கியது பிற்பாடு.

புறம்போக்கில் உட்கார்ந்தால் அரசு வைக்கும் பேர் ஆக்கிரமிப்பு. வடமொழியில் 'க்ரம்' என்றால் அடி எடுத்து வைப்பது. கிரமம், விக்கிரமம், பராக்கிரமம் எல்லாம் ஒரே குடும்பம். அடுத்தவன் இடத்தில் கால் வைப்பது ஆக்கிரமிப்பு. தனித்தமிழ்க்காரர்கள் வன்கவர்வு என்பார்கள், ஈழத்தில் வன்வளைப்பு என்று எழுதுவதுண்டு. இரண்டிலும் 'வன்' இருக்கிறது, பலவந்தம். பத்து ஏக்கர் ஏரியை வளைத்துப் பிளாட் போட்டவனுக்கு அது பொருந்தும். கம்பளியைச் சுருட்டி வைத்திருக்கும் கிழவிக்கு?

இதற்கான சட்டம் 1905இல் போட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டம், சென்னை மாகாண காலத்துச் சரக்கு, இன்றும் உயிரோடு இருக்கிறது. 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும், அப்புறம் 6ஆம் பிரிவில் வெளியேற்ற உத்தரவு. வீடு கட்டியவனுக்கும் கடை போட்டவனுக்கும் இது சரி. சனிக்கிழமை சாயங்காலம் முளை அடித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பும் துணிக்கொட்டாய்க்கு நோட்டீஸ் எந்த விலாசத்துக்கு அனுப்புவது? ஆக நடைமுறையில் ஒருத்தர் ஜீப்பில் வந்து "காலி பண்ணுங்க" என்கிறார். காலியும் அரபிதான், வெறுமை.

மறுநாள் பேப்பரில் "ஆக்கிரமிப்புகள் அப்புறப்படுத்தப்பட்டன" என்று வரும். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு நீட்டினேன். அ + புறம் + படுத்து. அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தல். ஒழித்தார்கள் என்றோ தீர்த்தார்கள் என்றோ சொல்லவில்லை பாருங்கள், தமிழ் பொய் சொல்லவில்லை. புறம்போக்கில் இருந்து அப்புறத்துக்கு. ஏரிக்கரையில் எழுப்பிவிட்ட கார் அடுத்த வியூ பாயிண்டில் நிற்கிறது, பழைய பஸ் ஸ்டாண்டு கடை வாசலில் எழுப்பிவிட்டவர் அடுத்த தெரு வாசலில் படுக்கிறார்.

தம்பி கையில் இருந்த அமெரிக்கச் செய்தியும் இங்கேதான் வந்து முட்டுகிறது. அங்கே ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்றொரு சிறு நகரம். அதன் அப்போதைய ஊர்ச்சட்டப்படி பொது இடத்தில் தற்காலிகமாக வாழ்வதற்கென்று படுக்கையோ அடுப்போ வைத்தால் அதுவே கேம்ப்; கூடாரமே வேண்டியதில்லை, கம்பளி விரித்தால் போதும், அபராதம். 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் இப்படித் தடை போடுவது செல்லும் என்றது. படுக்க வேறு இடம் இருக்கிறதா என்ற கேள்வியை அந்தச் சட்டம் கேட்கவில்லை.

நம் உச்ச நீதிமன்றம் 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பார்கள், வேறு மாதிரிச் சொன்னது: நடைபாதையைப் பிடித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை, ஆனால் பிழைப்பும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும், அதனால் முன்கூட்டிச் சொல்லாமல் தூக்கி எறியக்கூடாது. அந்தத் தீர்ப்போடு பரவலானது 'நடைபாதைவாசி' என்பது என் எண்ணம். நல்ல சொல், அதில் வசவு இல்லை. அப்புறம் நகரத்தில் வீடற்றவர்களுக்கு லட்சம் பேருக்கு ஒன்று வீதம், நூறு பேர் தங்கும் அளவில் தங்குமிடம் வேண்டும் என்று 2024 வரை நடந்த மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். சேலம் மாநகராட்சியில் 2011 கணக்கெடுப்பிலேயே எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள், ஆக எட்டு தங்குமிடம். கடைக்காரர் கமிஷனரிடம் மனு கொடுக்கும்போது "அப்புறப்படுத்துங்கள்" என்று எழுதுவதற்குப் பதில் இந்த எட்டைக் கேட்டு எழுதலாம். வாசல் காலியாக வேண்டும் என்ற அவர் தேவை நியாயமானது, தட்டுவடை செட் கடைக்கு வாசல்தான் முதலீடே.

சரி, தம்பிக்கு என்ன பதில்? இரண்டு தனிச் சொல் போடச் சொன்னேன். வீடு இருந்தும் காட்சிக்காகத் துணிக்கொட்டாய் போடுபவர் செய்வது டேரா. நோட்டீசுக்கு மரியாதையாக வேண்டுமென்றால் 'அனுமதியின்றிக் கூடாரமிடல்'. வீடு இல்லாமல் கடையோரம் கூடாரம் கட்டியவர் செய்வது 'தெருவோரத் தங்கல்'. தங்கல் பழைய சொல், எங்கே தங்குகிறார் என்பதை மட்டும் சொல்கிறது, குற்றம் சாட்டவில்லை. போனில் முதலில் நானே டேரா என்றுதான் சொல்லியிருந்தேன், அதைத் திருத்திக்கொண்டேன்.

அவன் தலைப்பில் 'தெருவோரத் தங்கலுக்குத் தடை' என்று போட்டு அனுப்பினான். எடிட்டர் இந்தத் தடவை திருப்பி அனுப்பவில்லை, ஆனால் 'தங்கலுக்கு' என்பதை 'ஆக்கிரமிப்புக்கு' என்று அவரே மாற்றிக்கொண்டாராம்.