சொன்ன தேதிக்குச் சரக்கு

திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் பெரும்பாலும் ஒரே கம்பெனிக்குள் முடிவதில்லை. நிட்டிங் (துணி பின்னுவது), டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை அழுத்திப் பதப்படுத்துவது), பிரிண்டிங், தையல் என்று ஐந்து இடம் சுற்றிவிட்டுத்தான் பெட்டிக்குள் போகும். ஐந்து பேருமே பத்துக்கு ஒன்பது தடவை சொன்ன நாளில் கொடுப்பவர்கள் என்று வையுங்கள். நல்ல ஆட்கள்தான். ஆனால் 0.9-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.59. பத்து ஆர்டரில் ஆறுதான் எங்கும் இடறாமல் வெளியே வரும். ஒவ்வொருவரும் 98 சதவீதம் என்றால்தான் மொத்தம் 90-ஐத் தொடும். நம்பகத்தன்மையை வெறும் நல்ல குணமாகப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

அதிகம் வழுக்குவது டையிங்கில். லேப் டிப்புக்கு, அதாவது சாய நிறத்தின் மாதிரித் துண்டுக்கு, பையர் (ஆர்டர் கொடுத்தவர்) சம்மதம் வருமுன் லாட்டை (ஒரே தடவையில் சாயம் போடும் துணியை) ஏற்றிவிடுவார்கள். அல்லது பாடி துணியையும் கழுத்துப் பட்டிக்கான ரிப் துணியையும் தனித்தனி லாட்டில் போடுவார்கள். ஷேடு மாறும், மறுசாயம், நான்கைந்து நாள் போச்சு. இரண்டையும் ஒரே லாட்டில் போடச் சொல்லி டிசியிலேயே (துணியோடு போகும் டெலிவரி சலானிலேயே) எழுதிவிடுங்கள். துணி திரும்பியதும், கட்டிங்குக்கு முன், 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டி எடை போடுங்கள். 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். தைத்த பிறகு கண்டுபிடித்து என்ன பயன்?

பையருக்குத் தேதி சொல்லும்போது ஆர்டரைக் கவனிக்கும் மெர்சண்டைசரின் ஞாபகத்தை நம்ப வேண்டாம். கடைசி 20 லாட்டின் டிசிகளை எடுங்கள். துணி போன நாள், வந்த நாள். சராசரி உதவாது, பாதிக்குப் பாதி தவறும். இருபதில் 18 லாட் எத்தனை நாளுக்குள் திரும்பியதோ, அதுதான் உங்கள் உண்மையான நாள்.

தாமதம் உறுதியானால் அன்றே சொல்லுங்கள். எல்சியில் (பணம் தருவதாக பையரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்தில்) உள்ள கடைசி ஷிப்மென்ட் தேதி ஒரு நாள் தாண்டினாலும் வங்கி ஆவணங்களை மறுக்கலாம். பத்து நாள் முன்பே சொன்னால் எல்சியைத் திருத்த அவகாசம் உண்டு. இரண்டு நாள் முன் சொன்னால் விமானச் சரக்கு, அல்லது தள்ளுபடி. இரண்டுமே லாபத்தைத் தின்றுவிடும்.

இதெல்லாம் செய்தும் உங்கள் துணி மட்டும் டையிங்கில் காத்துக் கிடக்கிறதா? நீங்கள் அவர்களுக்குத் தர வேண்டிய பில் பாக்கியைப் பாருங்கள். சாயப்பட்டறையில் வரிசை அதை வைத்தும் நகரும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.