சுழி பார்த்தாச்சு, சளி பார்த்தீர்களா?

பெட்டைக் குதிரையைப் பொலிக்கு, அதாவது ஆண்குதிரையோடு இணைசேர, விடும் முன் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். குட்டி என்ன உயரம் வரும், காது மார்வாடிக் குதிரை இனத்துக்கு உரியபடி வளைந்து நுனியோடு நுனி தொடுமா, நிறம் தாயைக் கொள்ளுமா தகப்பனைக் கொள்ளுமா, உடம்பு முடியில் கெட்ட சுழி ஏதும் இருக்கிறதா. அந்த ஆண்குதிரை போன மாதம் எந்த ஊரில் இருந்தது, எத்தனை பெட்டைகளோடு சேர்ந்தது, அவற்றில் எத்தனை சினை பிடித்தன என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. ஒரு கால்நடை மருத்துவராக எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

ஊர் ஊராகப் போகும் பொலிகுதிரை நம் காலத்துச் சங்கதி இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா, நியூசிலாந்து போன்ற பிரிட்டிஷ் குடியேற்றங்களின் கிராமப்புறத்தில் குதிரை இனப்பெருக்கம் பெருமளவு இப்படித்தான் நடந்தது. நாலைந்து பெட்டை வைத்து உழுகிற விவசாயிக்குத் தனியாக ஓர் ஆண்குதிரை கட்டுப்படியாகாது, ஏனென்றால் அதற்குத் தீனி வேண்டும், உயரமான வேலி வேண்டும், அதைக் கையாளத் தெரிந்த ஆளும் வேண்டும். பெட்டையையோ ஏரில் இருந்து அவிழ்த்து, பால் குடிக்கும் குட்டியோடு பல மைல் நடத்திக்கொண்டு போக முடியாது. அதனால் ஆண்குதிரை நடந்து வந்தது. அங்கே செப்டம்பரில் வசந்தம் பிறக்கும், பெட்டைகள் பருவத்துக்கு வரத் தொடங்கும், உடனே குதிரைக்காரர் பொலிகுதிரையைப் பிடித்துக்கொண்டு சுற்றுக்குக் கிளம்பிவிடுவார். திங்கள் இந்தச் சத்திரம், செவ்வாய் அந்தப் பண்ணை என்று நம் ஊர் மினிபஸ் மாதிரி நேரம் இடம் எல்லாம் உள்ளூர்ப் பத்திரிகையில் முன்கூட்டியே விளம்பரமாக வந்துவிடும். கூடவே குதிரையின் தகப்பன், பாட்டன் பெயர், கண்காட்சியில் வாங்கிய பரிசு, கட்டணம், குதிரைக்காரருக்குத் தனியாகச் சில ஷில்லிங்.

வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வந்ததில் ஒரு கணக்கும் பொருந்தி வருகிறது. பெட்டை சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், பருவம் ஐந்து முதல் ஏழு நாள் நிற்கும். வாரம் ஒருமுறை வந்தால் அநேகமாக எந்தப் பெட்டையும் தப்பாது. மூன்று வாரம் கழித்து ஆண்குதிரையைக் கிட்டே கொண்டுவந்து காட்டி, பெட்டை காதை மடித்து உதைக்க வந்தால் சினை பிடித்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வார்கள். ஸ்கேன் இல்லாத காலத்தில் இது மோசமான முறை ஒன்றுமில்லை, இன்றும் உதவுகிறது.

எந்த மாதிரிக் குதிரை என்றால், ஏருக்கும் பாரவண்டிக்கும் ஸ்காட்லாந்தின் கிளைடெஸ்டேல், இங்கிலாந்தின் ஷயர், சவாரிக்கு பந்தயக் குதிரை இனமான தரோபிரெட். இந்தக் கலப்புகளில் உருவான சவாரிக் குதிரைகளில் ஒரு பகுதி கப்பலேறி நம் பக்கம் வந்தது. நியூ சவுத் வேல்ஸ் பெயரை வைத்து வேலர் என்று அழைக்கப்பட்ட அந்தக் குதிரைகளைச் சென்னையில் இறக்கி ராணுவத்துக்கு வாங்கினார்கள். ஓசூர் மத்திகிரியில் இன்றிருக்கும் கால்நடைப் பண்ணையும் 1824-இல் ராணுவக் குதிரைகளுக்காக ஆரம்பித்ததுதான்.

சரி, இதில் என்ன தப்பு நடந்தது? நெடுங்காலம் எவர் வேண்டுமானாலும் எந்தக் குதிரையையும் சுற்றுக்குக் கொண்டுபோகலாம். கட்டணம் குறைந்த குதிரைக்கே பெட்டைகள் சேர்ந்தன. பந்தயத்தில் தோற்று வேறெதற்கும் ஆகாத மெலிந்த குதிரையும் வாசலுக்கு வந்தது. வாங்கும் ராணுவக்காரர்கள் தரம் இறங்கிவிட்டது என்று புலம்ப, ஆண்குதிரைக்கு வரி போட்டால் மட்டமானவை ஒழியும் என்று சட்டசபைகளில் வாதாடினார்கள். 20-ஆம் நூற்றாண்டு பிறந்தபின் விக்டோரியாவில் அரசு கால்நடை மருத்துவர்கள் பொலிகுதிரைகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள். பிரிட்டனில் 1918-இல் சட்டமே வந்தது, உரிமம் இல்லாமல் ஆண்குதிரையைப் பொலிக்காகச் சுற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று.

அந்தச் சட்டத்தில் உரிமம் மறுக்கப்படும் குறைகளின் பட்டியலைப் பார்த்தால் ஒரு மருத்துவராக எனக்கு மரியாதையும் வருகிறது, சங்கடமும் வருகிறது. கண்புரை, ஓடும்போது தொண்டையில் இரைச்சல், குளம்புக்கு மேலே வளையமாக எலும்பு தடிக்கும் ரிங்போன், பின்னங்காலை வெடுக்கென்று இழுக்கும் ஸ்டிரிங்ஹால்ட், இப்படிப் போகிறது. எல்லாம் கண்ணால் பார்த்தும், ஓடவிட்டும், காலைத் தடவியும் கண்டுபிடிக்கக்கூடியவை. தொண்டை இரைச்சல் குரல்வளை நரம்பு கெடுவதால் வருவது, உயரமான குதிரைகளில் பரம்பரைச் சாய்வு உண்டு, அதை விலக்கியது சரி. ரிங்போன் கடின வேலையாலும் அடிபட்டும் வரும் என்பதால் எல்லாவற்றையும் தகப்பன் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஆண்குதிரையோடு ஊர் ஊராக நடந்த கிருமி இந்த மாதிரிப் பரிசோதனையில் கண்ணுக்குத் தெரியாது.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது 1977-இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் தெரிந்தது. உலகத்தரப் பண்ணைகள், விலை மதிப்பில்லாத குதிரைகள், ஆனாலும் பெட்டைகள் வரிசையாகச் சினை பிடிக்காமல் போயின. தொற்றும் கருப்பை அழற்சி என்ற புதிய நோய் அது. அந்தப் பாக்டீரியா ஆண்குதிரையின் உறுப்புத் தோல் மடிப்பில் அழுக்கோடு சும்மா உட்கார்ந்திருக்கும். குதிரைக்குக் காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை, பளபளவென்று நிற்கும். பரிசு வாங்கிய குதிரை என்பதற்கும் சுத்தமான குதிரை என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அதோடு ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, கழுவாத கை இவையும் பரப்பும். பழைய காலத்துக் குதிரைக்காரர் வாளியை ஊருக்கு ஊர் மாற்றியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

நம் ஊரில் இதைவிடப் பெரிய பயம் கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய். 2006-இல் இந்தியாவில் மறுபடி தலைகாட்டியது. மூக்கில் கெட்டியான சளி, மூக்குக்குள் புண், தோலில் வரிசையாகக் கட்டி என்று வரலாம், எதுவும் தெரியாமல் உள்ளுக்குள்ளும் இருக்கலாம். மனிதருக்குத் தொற்றும், கொல்லும். குதிரைக்கு உறுதியானால் சிகிச்சை கிடையாது, சட்டப்படி அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். இது பொலி போடும்போது மட்டும் வருவதில்லை, ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தாலே போதும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு எங்கிருந்தெல்லாம் குதிரை வருகிறது என்று பார்த்தவர்களுக்கு நான் ஏன் தொட்டியைப் பற்றிப் பேசுகிறேன் என்று புரியும். சுழி பார்க்கிற நேரத்தில் பாதியாவது மூக்கைப் பாருங்கள். சொந்த வாளியைக் கொண்டுபோங்கள்.

பொலிகுதிரைக்காரரிடம் கூச்சப்படாமல் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதில் தேதியைப் பாருங்கள், குதிரையின் அடையாளக் குறிப்பும் எதிரில் நிற்கும் குதிரையும் ஒன்றுதானா என்று ஒத்துப் பாருங்கள், வேறு குதிரையின் தாளை நீட்டுகிறவர்களும் உண்டு. முந்தைய பெட்டைகளின் சொந்தக்காரர்கள் இரண்டு பேருக்கு போன் போட்டு, சினை பிடித்ததா, வெள்ளைபட்டதா என்று விசாரியுங்கள். உங்கள் பெட்டைக்கு ஏற்கெனவே வெள்ளைபட்டிருந்தால் நீங்களும் அதை மறைக்காதீர்கள், அவருடைய குதிரை அடுத்த ஊருக்கும் போக வேண்டும் இல்லையா. அறிக்கை இல்லை என்றால் அரசு கால்நடை மருத்துவமனை வழியாக ரத்த மாதிரி அனுப்பலாம். முடிவு வரும்வரை ஒரு பருவம் கழிந்துபோனாலும் நட்டமில்லை. ஆஸ்திரேலிய விவசாயிக்கு வசந்தம் முடிந்தால் வருடமே போயிற்று. நம் ஊரில் பகல்நீளம் அவ்வளவாக மாறாததால், நல்ல தீனியில் இருக்கும் பெட்டை பெரும்பாலும் மூன்று வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும்.